உற்சவருக்கு விழுந்த அடி

சென்ற மாதம் எங்கள் பழைய ரைபிள் கிளப்பில் புதிய சுடுதளம் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தினார்கள். உள்ளே குளிர்சாதன வசதி. சுட்ட குண்டு எங்கே பட்டது என்று பக்கத்திலேயே ஒரு திரை காட்டிவிடுகிறது. எங்கள் காலத்தில் அதைத் தெரிந்துகொள்ள டார்கெட் வரை வெயிலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்து வந்து சொல்ல வேண்டும். அப்படி நடந்த ஆள் நான்தான். கால்வலிக்கு இன்றும் தைலம் தடவுகிறேன்.

விழா முடிந்து காபி குடிக்கும்போது நாலைந்து இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, அந்தக் காலத்துல டெலஸ்கோப் அடிபட்டு, குறி தப்ப ஆரம்பிச்சா என்ன செய்வீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"முதல்ல மோந்து பார்ப்போம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். காபி ஆறிக்கொண்டிருந்ததால் நானும் விளக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், உண்மையைச் சொல்லி அதற்குச் சிரிப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோமே என்று உறுத்தியது. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் மணப்பாறைக்குப் பக்கம். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன இடத்தில் பிறந்து, மாட்டைக் கண்டால் பயப்படுகிற ஒரே பிள்ளை நான். அப்பா சில காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவன் பட்டாளத்துக்குத்தான் லாயக்கு" என்று அனுப்பிவிட்டார். அங்கே ஆயுதங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் போட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ரைபிளைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டேன். மற்றபடி பயிற்சி முழுக்கத் துடைப்பதுதான். துடைத்ததையே திரும்பத் துடைத்து, ஐம்பதுகளின் கடைசியில் திருச்சிக்கு வந்து சேர்ந்தேன். கிளப்பில் ஆயுதக் காப்பாளர் வேலை கிடைத்தது. மன்னார்புரத்தைத் தாண்டிப் பொட்டல் வெளியில், ஒரு மொட்டைப் பாறையைப் பின்சுவராக வைத்துக்கொண்டு எங்கள் சுடுதளம் இருந்தது.

துப்பாக்கியில் கோளாறு என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு துப்பாக்கியில் இருக்காது என்பதுதான் அங்கே நான் படித்த முதல் பாடம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ரஹீம் பாய் எங்கள் உறுப்பினர். அருமையான மனிதர். தன் ரைபிள் எப்போதும் வலப்பக்கமே போகிறது என்று வாராவாரம் புகார் சொல்லுவார். ஒரு நாள் அவர் சுடும்போது பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசையை இழுக்கிற நேரம் பார்த்து இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்கிறார். சொன்னேன். "தெரியும் செல்லமுத்து, அதுக்கு ஏதாவது பார்ட் மாத்த முடியாதா?" என்று கேட்டார்.

எங்கள் செயலாளர் வரதாச்சாரியார். ஸ்ரீரங்கத்துக்காரர். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற மனிதர் துப்பாக்கிச் சங்கத்துக்கு எப்படி வந்தார் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். யாராவது கேட்டுவிட்டால் போதும். "காகிதத்தைச் சுடறதுக்கும் பாவத்துக்கும் என்ன ஓய் சம்பந்தம்? பகவான் கையிலேயே அஞ்சு ஆயுதம் இருக்கு. அவரை யாராவது கேக்கறேளா?" என்பார்.

ரயிலை விட்டு வந்தாரே தவிர, ரயில் அவரை விட்டு வரவில்லை. சுடுதளத்தில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்திருந்தார். பச்சைக் கொடியை உயர்த்தி "லைன் கிளியர்" என்று சொன்ன பிறகுதான் யாரும் விசையைத் தொடலாம். சிவப்பு உயர்ந்தால், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் கையைக் காட்ட வேண்டும். ஆயுத அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது. கை கழுவாமல் எதையும் தொடக் கூடாது. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இருந்தவரையில் அந்தத் தளத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கிளப்பில் சிறு ரக ரைபிள்கள் பல இருந்தாலும் டெலஸ்கோப் வைத்தது ஒன்றே ஒன்றுதான். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். அதில் ஒரு கண்ணாடி உடைந்தால்கூட வேறு கிடைக்காது. போட்டி நாட்களிலும் அதற்கு முந்தைய பயிற்சியிலும் மட்டும் வெளியே வரும் என்பதால் செயலாளர் அதற்கு 'உற்சவர்' என்று பெயர் வைத்திருந்தார். "இன்னிக்கு உற்சவர் புறப்பாடு உண்டா?" என்று கேட்டால், அந்த ரைபிளை எடுக்கலாமா என்று பொருள். கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

சீனச் சண்டைக்குப் பிறகு பொதுமக்களும் துப்பாக்கி பழக வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. அப்போது வந்து சேர்ந்தவர்தான் ஆக்னஸ் டீச்சர். கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. முப்பது வயது இருக்கும். வந்த முதல் வாரத்திலேயே அவர் சுட்ட டார்கெட்டைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். மூச்சை அடக்கிப் படுத்தார் என்றால், தலையில் காக்கை வந்து உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு முந்தைய ஆண்டு, மாநில அணித் தேர்வில் ஒரே புள்ளியில் இடத்தைக் கோட்டைவிட்டார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் பேசவே இல்லையாம், அவர் அம்மா சொன்னார்.

அந்த ஆண்டும் விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பு இல்லை. ஜூனில் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றல். அந்த ஊரில் துப்பாக்கி என்றால் தீபாவளித் துப்பாக்கிதான். பள்ளியின் தலைமைக் கன்னியரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "இந்த ஒரு தடவைதான் ஆக்னஸ், இதோட இந்த டுமீல் டுமீலெல்லாம் போதும்" என்று அனுமதி கொடுத்திருந்தார். டெலஸ்கோப் பிரிவில்தான் டீச்சர் பெயர் போயிருந்தது. ஆக, உற்சவர் ஒழுங்காகச் சுட்டால்தான் ஆக்னஸ் டீச்சருக்கு அணியில் இடம்.

தேர்வுக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

சாதாரண வீட்டிலேயே அரிவாள்மணைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிறார்கள். ஆயுதமே தொழிலாக இருக்கிற இடத்தில் கேட்க வேண்டுமா? முதல் நாளே எல்லாவற்றையும் பிரித்து எண்ணெய் போட்டுத் துடைத்தேன். வருஷத்துக்கு ஒரு முறை அன்றுதான் உற்சவரின் டெலஸ்கோப்பை, அது உட்காரும் தாங்கியோடு சேர்த்து ரைபிளிலிருந்து கழற்றுவோம். பெரிய மேஜையில் வெள்ளை வேட்டியை விரித்து எல்லாவற்றையும் அடுக்கினேன். செயலாளர் தன் வீட்டில் தானே அரைத்த சந்தனத்தைச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். பச்சைக் கற்பூரம், குங்குமப்பூ எல்லாம் சேர்த்தது. வாசனை மன்னார்புரம் முச்சந்தி வரைக்கும் போயிருக்கும். மோதிர விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். குழலுக்கு ஒன்று, தோளில் வைக்கிற கட்டைக்கு ஒன்று, போல்ட்டுக்கு ஒன்று.

"டெலஸ்கோப்புக்கு ஒண்ணு வெச்சாச்சு சார், தாங்கிக்கு வேற எதுக்கு?" என்று கேட்டேன்.

"ரைபிளை விட்டுப் பிரிச்சு வெச்சிருக்கியோன்னோ? பிரிஞ்சிருந்தா அது தனி ஆயுதம். அதுக்கு மட்டும் குறை வைக்கலாமா?"

தேங்காய் உடைத்துச் சுண்டல் கொடுத்தோம். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி. அன்று முதல் வேலையைச் செயலாளர் தன் கையால்தான் தொடங்குவார். நல்ல நேரம் பார்த்து உற்சவரின் டெலஸ்கோப்பைத் தாங்கியோடு ரைபிளில் வைத்துத் திருகுகளை முடுக்குவது அவருடைய உரிமை. நான் வாசலில் உறுப்பினர்களுக்குப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது முடுக்கி முடித்து, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். வெளியே தெரிந்த பொட்டுகளை எல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். விஜயதசமியில் முடுக்கிய திருகை அடுத்த ஆயுத பூஜை வரை அவிழ்க்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அதுவரை அதனால் கெடுதல் எதுவும் வந்ததில்லை. ஆகவே நானும் மறுத்ததில்லை.

அடுத்த பயிற்சி நாளில் விபத்து நடந்தது.

உற்சவரை மேஜை மேல் வைத்துவிட்டு நான் தோட்டாப் பெட்டியை எடுக்கப் போனேன். ஆக்னஸ் டீச்சர் தன் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார். பையின் வார் குழலில் மாட்டியது. அவர் பையை இழுக்க, ரைபிளும் கூடவே வந்து, பெஞ்சு விளிம்பில் டெலஸ்கோப் இடித்து, மணலில் விழுந்தது. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஓடிவந்து தூக்கிப் பார்த்தேன். டெலஸ்கோப் குழாயில் பட்டாணி அளவுக்கு ஒரு நசுங்கல். கண்ணாடி உடையவில்லை. உள்ளே குறி காட்டுகிற குறுக்குக் கம்பிகள் நேராகத்தான் தெரிந்தன.

"சுட்டுப் பாருங்க டீச்சர்" என்றேன்.

ஐந்து குண்டு சுட்டார். நடந்து போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரு சாண் மேலே. அதுவாவது ஒரே இடத்தில் இருந்தால் டெலஸ்கோப்பில் குறியை நகர்த்துகிற குமிழைத் திருகிச் சரி செய்துவிடலாம். ஆக்னஸ் டீச்சர் சுட்ட குண்டுகள் ஒரு நாலணாவால் மூடுகிற அளவுக்கு நெருக்கமாக இருப்பதுதான் வழக்கம். அன்று பாதிக் கோலத்தில் எழுந்து போன மாதிரி ஐந்து புள்ளிகள் ஐந்து பக்கம் கிடந்தன. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே டீச்சர் புரிந்துகொண்டார்.

"நானே என் கையால கெடுத்துக்கிட்டேன்ல?" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

செயலாளர் கோபத்தில் கத்தவில்லை. ரயில்வேக்காரர்கள் கத்த மாட்டார்கள், விசாரணை வைப்பார்கள். மறுநாளே மேஜையைப் போட்டு, டீச்சரை எதிரில் உட்காரவைத்து ஆரம்பித்தார்.

"ரைபிள் எந்த இடத்திலே நின்னுண்டிருந்தது?"

"நிக்கல சார். மேசை மேல படுத்திருந்துச்சு."

"சரி. அங்கேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது?"

"சார், அது புறப்படல. விழுந்துச்சு."

"விழறதும் ஒரு புறப்பாடுதாம்மா. சிக்னல் கொடுத்தது யார்?"

"என் ஹேண்ட்பேக் சார்" என்றார் டீச்சர், பரிதாபமாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் என்னையும் குறுக்கு விசாரணை செய்வார் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். முடிவில், விபத்துக்குக் காரணம் டீச்சரின் கைப்பை என்றும், உற்சவர் குணமானால் மட்டுமே டீச்சர் தேர்வில் கலந்துகொள்ளலாம் என்றும், இல்லாவிட்டால் பெயரைத் திரும்பப் பெறுவது என்றும் தீர்ப்பாயிற்று. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. "குறி தப்பற துப்பாக்கியோட ஒருத்தரை லைன்லே படுக்க விட்டா அது பக்கத்திலே இருக்கிறவாளுக்கு ஆபத்து. எனக்கு வேற வழி இல்லே செல்லமுத்து" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதில் நியாயம் இருந்தது.

பிறகு வேலை என் தலையில் விழுந்தது.

இதை இன்றைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன். ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் உட்காரவைத்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலின் பின் துவாரம் வழியாக டார்கெட்டைப் பார்க்க வேண்டும். குழலின் நடுவில் கறுப்பு வட்டம் தெரிகிறபடி அமைத்துவிட்டு, ரைபிளைத் தொடாமல் தலையை மட்டும் உயர்த்தி டெலஸ்கோப்பில் பார்த்தால், அதுவும் அந்த வட்டத்தையே பார்க்க வேண்டும். எங்கள் உற்சவரில் குழல் ஒரு பக்கம் பார்த்தது, டெலஸ்கோப் ஒரு பக்கம் பார்த்தது. சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி.

அடுத்து, அடி உள்ளே வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாங்கியைத் தொடக் கூடாது என்ற சட்டம் இருந்ததால், டெலஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களை மட்டும் தளர்த்தி, குழாயை அதற்குள்ளேயே மெதுவாக உருட்டினேன். உள்ளே ஏதாவது நகர்ந்திருந்தால் உருட்ட உருட்டக் குறுக்குக் கம்பி வட்டமடிக்கும். இது அடிக்கவில்லை. இன்னொரு முறை உருட்டினேன். நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே ஒரு கோளாறும் இல்லை. நசுங்கல் வெறும் தோலில்தான்.

இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. கண்ணுக்கு முன்னால் நசுங்கல் இருக்கிறதே. டெலஸ்கோப் நன்றாக இருக்கிறது, ஆனால் ரைபிள் கோணலாகச் சுடுகிறது என்றால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். தாங்கியின் திருகுகளை முடுக்கிப் பார்த்தேன். முடுக்க மிச்சமே இல்லை, செயலாளர் அவ்வளவு பக்தியோடு முடுக்கியிருந்தார். குழலைச் சுத்தம் செய்தேன். தோட்டாவை மாற்றினேன். குமிழைத் திருகி ஒருவாறு குறிக்குக் கொண்டுவந்தால், சுடச் சுடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மாலை வரை மல்லுக்கட்டி நடுவில் நிறுத்திவிட்டுப் போவேன். ஐப்பசி மழைத் தூறல் போட்டு மறுநாள் வந்து பார்த்தால், பழையபடி மேலே ஏறியிருக்கும். பட்டாளத்தில் எத்தனையோ துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் மனசு மாறுகிற துப்பாக்கியை அப்போதுதான் பார்த்தேன்.

இதற்கு நடுவில் ஆலோசனை சொல்லுகிறவர்கள் வேறு. எனக்குச் சும்மாவே கோபம் வரும், ஆலோசனை கேட்டால் கூடுதலாக வரும். ஒருவர் காவிரிக் காற்று என்றார். ஒருவர் பாறைச் சூடு என்றார். ரஹீம் பாய் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "செல்லமுத்து, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. டீச்சர் கண்ணை மூடிக்கிறாங்களான்னு பார்த்தீங்களா?" என்றார்.

தேர்வுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. பள்ளி அரை நாளோடு விட்டு, ஆக்னஸ் டீச்சர் நேரே தளத்துக்கு வந்தார். செயலாளரும் குடையோடு வந்திருந்தார். அன்று சரியாகாவிட்டால் மாலையில் பெயரைத் திரும்பப் பெற்றுவிடுவதாக ஏற்பாடு. தூறல் விட்டு, உச்சி வெயில் சுளீரென்று அடித்தது. டீச்சர் படுத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, சுட ஆரம்பித்தார். வெயிலில் ரைபிள் கொதித்துக்கொண்டிருந்தது. நாலாவது குண்டைப் போட்டவர், விசையைத் தொடாமல் அப்படியே கிடந்தார்.

"என்ன டீச்சர்?"

"செல்லமுத்து அண்ணே, இதுல கோயில் வாசனை வருது."

"எண்ணெய் வாசனையா இருக்கும்."

"எண்ணெய் எனக்குத் தெரியாதா? இது வேற. மணக்குது. சுடச் சுடத்தான் வருது."

செயலாளர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். போல்ட்டைக் கழற்றிவிட்டு நான் மண்டி போட்டு மூக்கை வைத்தேன். டெலஸ்கோப் தாங்கிக்கு அடியில், சந்தேகமே இல்லை, கமகமவென்று இருந்தது. எழுந்து செயலாளரைப் பார்த்தேன். அவர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தார். அவர் மூக்கு உற்சவர் மேல் வெகுநேரம் இருந்தது. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சந்தனம் அரைக்கிற ஆள் அந்தத் தளத்தில் ஒருவர்தான் உண்டு.

நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"தாங்கியைக் கழட்டு" என்றார்.

"விஜயதசமியில முடுக்கினது சார்."

"கழட்டுன்னு சொல்றேனே."

கழற்றினேன். தாங்கியின் பின் காலுக்கு அடியில், ரைபிளோடு படிகிற இடத்தில், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. காய்ந்து கல்லாகியிருந்தது. பாதி பொடிந்துவிட்டது, மீதிப் பாதியில் மோதிர விரலின் ரேகைகூட அழியாமல் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொட்டின் கனத்துக்குத் தாங்கியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. இங்கே மயிரிழை தூக்கினால் டார்கெட்டில் சாண் கணக்கில் போகும். ஒவ்வொரு குண்டின் அதிர்ச்சிக்கும் கொஞ்சம் பொடியும், டெலஸ்கோப் இறங்கும். ஈரக் காற்றில் ஊறி உப்பும், டெலஸ்கோப் ஏறும். கைப்பை மாட்டி ரைபிள் விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டீச்சர் அந்தப் பொட்டைப் பார்த்தார், செயலாளரின் கையைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வருமென்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நியாயமும்கூட. அத்தனை நாள் தூங்காமல் கிடந்தவர் அவர்தானே.

"செல்லமுத்து, மேஜையைப் போடு" என்றார் செயலாளர்.

"எதுக்கு சார்?"

"தப்பான தீர்ப்பு ஆயிடுத்து. மறு விசாரணை நடக்கணும். ஆக்னஸ், நீ அந்த நாற்காலியிலே உக்காரும்மா. நீதான் விசாரணை அதிகாரி." சொல்லிவிட்டு எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற அதிகாரி அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. டீச்சர் உட்கார மறுத்தார். அவர் விடவில்லை. கடைசியில் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்த டீச்சர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிக்னல் கொடுத்தது யார்?" என்று கேட்டார்.

செயலாளர் மோதிர விரலை உயர்த்திக் காட்டினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டீச்சரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தண்டனைக்காகக் காத்திருந்தவரும் சிரித்துவிட்டார்.

தண்டனை உடனே நிறைவேற்றப்பட்டது. நான் ரைபிளைச் சுத்தம் செய்து, தாங்கியைப் பூட்டி, புதிதாகக் குறி அமைத்து முடிக்கும் வரை டார்கெட்டுக்கு நடந்து போய்ப் பார்த்து வந்து சொல்லுகிற வேலை செயலாளருடையது. குடை பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். அங்கிருந்தே "அப் சைடுலே ரெண்டு விரல்" என்று கத்துவார். கொஞ்சம் திருகுவேன். "டவுன் சைடுலே அரை விரல்" என்பார். வெயில் சாய்வதற்குள் அத்தனை குண்டும் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தது. கடைசித் தடவை அவர் கத்தவில்லை. டார்கெட்டையே பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து டீச்சர் கையில் கொடுத்தார். அதன் மேல் ஒரு நாலணாவை வைத்துப் பார்த்தேன். மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதராஸிலிருந்து தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். போட்டி நாளில் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து எல்லோருக்கும் சந்தனம் கொடுப்பது செயலாளரின் வழக்கம். அன்று கிண்ணம் சட்டைப் பையில் உப்பிக்கொண்டு தெரிந்தது, அவர் எடுக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் கொடிகளைச் சரி செய்துகொண்டு நின்றார். ஆக்னஸ் டீச்சர் வெள்ளை உடுப்பில், உற்சவரைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே அவரிடம் போனார்.

"என்ன சார், இன்னிக்குப் பொட்டு இல்லையா?"

"வேண்டாம்மா. ஒரு தரம் வெச்சதே போறும்."

"வெச்சதுல தப்பில்ல சார். இடந்தான் தப்பு." என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எந்த இடத்துல வெச்சா ஒண்ணும் ஆகாது?"

நான் ரைபிளை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, என் உத்தியோக அனுபவம் முழுவதையும் திரட்டி யோசித்து, கட்டையின் அடிப்பாகத்தைக் காட்டினேன். தோளில் அழுந்துகிற இடம். குறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செயலாளர் கிண்ணத்தைத் திறந்தார். "இங்கேயா? கொஞ்சம் கீழேயா? சரியாச் சொல்லு செல்லமுத்து" என்று என்னை மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

எல்லோரும் படுத்தார்கள். செயலாளர் கொடியை உயர்த்தினார். ஒருவரும் சுடவில்லை. தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆக்னஸ் டீச்சர் தலையைத் திருப்பி மெதுவாக, "சார், பச்சை" என்றார். தூக்கிப் பிடித்திருந்தது சிவப்பு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மாற்றிக்கொண்டு, "லைன் கிளியர்" என்றார்.

என் வேலை டார்கெட்டைக் கொண்டுவருவது. அன்று நடந்த மாதிரி வேகமாக நான் எப்போதும் நடந்ததில்லை. கறுப்பு வட்டத்தின் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் விலகி. தேர்வாளர்கள் வெகுநேரம் கூட்டிக் கழித்தார்கள். ஆக்னஸ் டீச்சருக்கு அணியில் கடைசி இடம் கிடைத்தது. கடைசி இடமும் இடம்தான். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தேர்வானவர்களை அங்கேயே வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். டெலஸ்கோப்பின் நசுங்கலை நான் சரி செய்யவே இல்லை. டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போட்டோவுக்கு நின்றார். பிரதி ஒன்றைப் பள்ளிக்கூடக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். டுமீல் டுமீல் போதும் என்று சொன்ன அதே தலைமைக் கன்னியர்தான் ஆணி அடிக்க இடம் காட்டினாராம். ஜூனில் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு முறை பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் தொடங்கச் சத்தம் எழுப்பும் துப்பாக்கியைப் பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் காத்திருந்தேன். தலைமைக் கன்னியர் ஒரு ஆயாவை நிற்கவைத்து அந்தப் போட்டோவின் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆக்னஸ் தோள்பட்டையில ஒரு கறை பாருங்க" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "வெள்ளை உடுப்புல பளிச்சுனு தெரியுது. எத்தனை தடவை துடைச்சாலும் போக மாட்டேங்குது."

போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மரியாதைக்காக, ஆயாவிடமிருந்து துணியை வாங்கி நானும் ஒரு முறை துடைத்துக் கொடுத்தேன்.